கால்நடை நோயும் கூட்டுப் பொறுப்பும்

நமது நாட்டில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பெற்ற வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில் திரூர் என்னும் சிற்றூரில் தோன்றியது. அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று நமது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கூட்டுறவு வார விழா வரும்போதெல்லாம் இதனை நாம் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். ஆனால் அந்நாளில் கிராமச் சங்கங்கள் எந்த நிபந்தனையின் மீது எழுப்பப்பட்டன என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராமச் சங்கத்து அங்கத்தினரின் பொறுப்பு வரையறையற்றதாக இருந்தது. ஒருவர் வாங்கிய கடனை அவர் செலுத்தத் தவறினால், ஏனைய அங்கத்தினர் தமது உடைமையைக் கொண்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனாலேயே ஒருவர் நிலத்தின் மீது மற்றவர் கண் இருந்தது. ஒருவர் நலத்தின் மீது மற்றவர் கருத்தும் இருந்தது.

இன்று அந்த நிலை மாறிவிட்டது. நமது பொறுப்பு பெரும்பாலும் நாம் செலுத்திய பங்குத் தொகையோடு நின்றுவிடுகிறது. எனினும் ஒரு காரியத்தில் மட்டும் பழைய வரையறையற்ற பொறுப்பு இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை. அதுவே கால்நடைகளுக்கு வரும் தொற்று நோய். கீழ்வீதிக் கொட்டில் ஒன்றில் புகுந்த கோமாரி, மேல்வீதிக்காரரின் பங்குத் தொகை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒருவர் அசட்டையாக இருந்தால் ஊர் முழுவதும் அதற்கு விலை கொடுக்கிறது. ஆகவே, கால்நடை நோயைத் தடுப்பது மருத்துவர்களின் வேலை மட்டுமே என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. அது கூட்டுறவுச் சங்கங்களின் நேரான வேலைகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நெசவாளர் அன்பர்கள், "இது குடியானவர் காரியம், தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதனால் ஆவது என்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடலாகாது. பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு முதலிய ஊர்களில் தறி ஓசை கேட்கும் வீடுகள் சிலவற்றின் பின்கட்டில் ஒரு கறவை மாடோ, இரண்டு ஆடுகளோ கட்டியிருப்பதைக் காணலாம். நூல் வரத்துக் குறைந்து கூலி நின்ற மாதத்தில் அடுப்பு எரிவது அந்தப் பால் பணத்தால்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலோ, வீட்டு ஆண்மகன் தொழிற்பேட்டையில் முறை வேலைக்குப் போகிறான். மாட்டைப் பெண்களும் முதியவர்களும் பேணுகிறார்கள். எந்தக் குடும்பமாயினும், மாடு என்பது அவசரத்துக்கு உதவும் கையிருப்பு. அந்தக் கையிருப்பு ஒரு வாரத்தில் கரைந்து போகக்கூடும் என்பதை நான் கண்ணாரக் கண்டேன்.

ஏட்டில் எழுதாத நோய்

சில ஆண்டுகளுக்கு முன் மாநில எல்லையோரக் கிராமம் ஒன்றின் கடன் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். தவணை தவறியோர் பட்டியலைப் பார்த்தபோது, கறவை மாட்டுக் கடன் பெற்றவர்களில் ஏழு பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தவணை கட்டாமல் நின்றிருந்தனர். ஏழு பேரும் ஒரே வீதியில் வசிப்பவர்கள். அதுவரை ஒழுங்காகச் செலுத்தி வந்தவர்கள். நான் காரணம் விசாரிக்கவில்லை. "வசூலில் நிர்வாகம் காட்டும் அக்கறை போதாது, நடவடிக்கை தேவை" என்று குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டேன். கணக்கு சரியாக இருந்தது; குறிப்பும் விதிப்படி இருந்தது.

புறப்படும்போது, அந்த எழுவரில் ஒருவரான வயது முதிர்ந்த அம்மாள் வாசற்படியில் நின்று, "பால் வத்திப்போன மாட்டுக்கும் தவணை கட்டணுங்களா, ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் விதிப் புத்தகத்தில் விடை இல்லை. அவரோடு வீதிக்குப் போய்ப் பார்த்த பிறகே விஷயம் விளங்கிற்று.

அவ்வீதியில் ஒருவர் நமது சங்கத்தில் பெற்ற கடனைக் கொண்டு வெளியூர்ச் சந்தையில் ஒரு கலப்பினப் பசுவை வாங்கி வந்தார். வந்த நான்காம் நாள் அதன் வாயில் நூல் நூலாக உமிழ்நீர் வடிந்தது. காலை ஊன்ற மாட்டாமல் நொண்டிற்று. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பால் எடுக்க மாட்டார்கள், மாட்டை விற்க முடியாது, முதல் தவணையிலேயே பெயர் கெடும் என்று அஞ்சினார். பத்து நாட்களுக்குள் தரகர் ஒருவரிடம் வந்த விலைக்கு அதைத் தள்ளிவிட்டார். அதற்குள் அந்தப் பசு வீதிப் பொதுத் தொட்டியில் தண்ணீர் குடித்திருந்தது. ஒரு மாதத்தில் அந்த வீதியில் கொட்டில்தோறும் கோமாரி. கன்றுகள் மடிந்தன. பிழைத்த பசுக்களும் முன்போல் கறக்கவில்லை. வெயில் ஏறினால் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தன. அம்மாளின் கன்று இறந்து, பசு மடி வற்றி, கடன் மட்டும் குறையாமல் நின்றது.

அன்று நான் கற்ற பாடங்கள் இரண்டு. முதலாவது, நோய் எங்கள் ஏட்டில் பல மாதங்களுக்கு முன்பே பதிவாகியிருந்தது. ஏழு பெயர்களாக அது எழுதப்பட்டிருந்தது. படிக்கத் தெரியாமல் போனது என் குறை. இரண்டாவது, அந்த நோயை ஊருக்குள் அழைத்து வந்தது சங்கத்தின் பணமே. பசு வாங்கப் பணம் கொடுத்த நாம், வாங்கிய பசுவை எங்கே, எத்தனை நாள் தனியாகக் கட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நோய் பரவும் வழி

நோயை அறிந்தால்தான் அதன் வழியை அடைக்கலாம். கோமாரி எனப்படும் கால் வாய் நோய் பிளவுபட்ட குளம்புள்ள மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றைத் தாக்கும் வைரசு நோய். நம் நாட்டில் இது ஓ, ஏ, ஏசியா-1 என்னும் மூன்று வகைகளில் காணப்படுகிறது. தொற்றிய நாளிலிருந்து சுமார் 2 முதல் 14 நாட்களுக்குள் அறிகுறி தோன்றும். ஆனால் அறிகுறி நம் கண்ணுக்குப் புலப்படும் முன்பே மூச்சிலும் உமிழ்நீரிலும் பாலிலும் கிருமி வெளிப்படத் தொடங்கிவிடுகிறது. கறப்பவர் கை, பால் கேன், வைக்கோல் ஏற்றி வந்த வண்டியின் சக்கரம், மாடு பார்க்க வந்த தரகரின் செருப்பு ஆகிய யாவும் அதற்கு வாகனங்களே. வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். கன்றுகளுக்கோ இதயத்தைத் தாக்கித் திடீரென உயிரைப் போக்கும். வளர்ந்த மாடு சாகாததாலேயே இதைச் சிறு நோய் என்று எண்ணுகிறோம். உண்மையில் இது உயிரை விட்டுவைத்து வருமானத்தைக் கொல்லும் நோய்.

தோல் கழலை நோய் நமக்குப் புதியது. 1929இல் ஆப்பிரிக்காவில் இன்றைய சாம்பியா நாட்டில் முதலில் அறியப்பட்ட இது, 2019இல் ஒடிசா வழியாக இந்தியாவில் தோன்றி, 2022இல் இராஜஸ்தான், குஜராத் முதலிய மாநிலங்களில் பெருந்திரளான பசுக்களை அழித்தது. உடலெங்கும் கழலைகள் எழும்பும், காய்ச்சல் காணும், கால் வீங்கும். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவை இதனைக் கொண்டு செல்கின்றன. ஆகவே கொட்டிலில் சாணமும் சிறுநீரும் தேங்காமல் காப்பதே இதற்கு முதல் மருந்து. இது மனிதருக்குத் தொற்றுவதில்லை.

மழைக்காலத்தோடு வருவன தொண்டை அடைப்பானும் சப்பை நோயும். இவற்றுக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்; ஏரி நிரம்பிய பிறகு மருந்தகத்துக்கு ஓடுவதில் பயன் குறைவு. அடைப்பான் நோயோ இவை எல்லாவற்றிலும் கொடியது, மனிதரையும் பற்றுவது. நன்றாக இருந்த மாடு திடீரென விழுந்து இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி கசியுமாயின், அதை அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. உடல் திறக்கப்பட்டால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டுகள் உயிர்த்திருக்கும். தோல் விற்று வரும் சில நூறு ரூபாய்க்காக ஒரு மேய்ச்சல் நிலத்தையே நஞ்சாக்கிவிடலாகாது. பசுக்களின் கரு கலையும் புருசெல்லா நோயும் மனிதருக்குத் தொற்றும். கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது. பாலைக் காய்ச்சாமல் பருகலாகாது.

ஆடு வளர்ப்போர் அஞ்ச வேண்டுவது ஆட்டுக்கொல்லி நோய். இது இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டிலேயே. 1987ஆம் ஆண்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அவ்வூரில் கண்ட கிருமியைக் கொண்டே பின்னர் ஒரு தடுப்பூசியும் உருவாக்கப்பட்டது. நோய் வந்த ஊரே மருந்துக்கும் பெயர் கொடுத்தது. இந்நோயை 2030ஆம் ஆண்டுக்குள் உலகத்திலிருந்தே ஒழிப்பது என்று பன்னாட்டு நிறுவனங்கள் குறிக்கோள் வைத்துள்ளன.

நம் பகுதிக்கென்று தனியான அபாயங்களும் உண்டு. நாம் மாநில எல்லையில் இருக்கிறோம். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருஞ்சாலை எளாவூர், ஆரம்பாக்கம் வழியாக நம் ஊடே செல்கிறது. சாலையில் வண்டிகள் நிற்காமல் போவது போல நோயும் எல்லை பாராமல் போகும். தொழிற்சாலைகளும் மனைகளும் பெருகப் பெருக மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. எஞ்சிய புறம்போக்கிலும் ஏரி உள்வாயிலும் பல ஊர் மாடுகள் ஒன்றுகூடி மேய்கின்றன. முன்பு ஊருக்கு ஊர் இருந்த இடைவெளி இப்போது இல்லை. இடைவெளி குறைந்த இடத்தில் எச்சரிக்கை கூட வேண்டும்.

ஒழித்த கதையும் ஒளித்த கதையும்

"காலங்காலமாக இருக்கும் நோயை ஒழிக்க முடியுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். முடியும் என்பதற்கு வெக்கை நோயே சான்று. நம் பாட்டனார் காலத்தில் வெக்கை என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் நடுங்கியது. வந்தால் தொழுவம் வெறுமையாகும். ஏர் பூட்ட மாடு இராது. 1954ஆம் ஆண்டில் இந்தியாவில் அதை ஒழிக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஊர் ஊராகத் தடுப்பூசி போடப்பட்டது. இறுதிக் கட்டத்தில் ஊசியை நிறுத்திவிட்டு, கிராமம் கிராமமாகச் சென்று, எங்கேனும் ஒரு மாட்டுக்கேனும் நோய்க்குறி உண்டா என்று விசாரித்துத் தேடினார்கள். நாட்டின் கடைசி வெக்கை நோய் 1995இல் தமிழ்நாட்டில், நமக்கு மேற்கே வடஆர்க்காட்டுப் பகுதியில் காணப்பட்டது. 2006இல் இந்தியா வெக்கைத் தொற்று நீங்கிய நாடு என அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் பறைசாற்றியது. மனிதருக்கு வந்த பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் உலகிலிருந்து ஒழிந்த இரண்டாவது நோய் இதுவே. ஊசி மருந்து மட்டும் இதைச் சாதிக்கவில்லை. "என் கொட்டிலில் இப்படி ஒரு குறி தெரிகிறது" என்று மறைக்காமல் சொன்ன குடியானவனின் சொல்லும் சேர்ந்தே சாதித்தது.

இதற்கு எதிரான கதையையும் கேளுங்கள். 2001ஆம் ஆண்டு பிரிட்டனில் கோமாரி தோன்றியது. செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த நாடு அது. வடபகுதிப் பன்றிப் பண்ணை ஒன்றில் நோய் கண்டும் உரிய காலத்தில் அறிவிக்கப்படவில்லை. அரசு அறியுமுன் அருகே இருந்த ஆடுகளுக்கு அது தொற்றி, அந்த ஆடுகள் சந்தைகளுக்குப் போய், அங்கிருந்து நாடெங்கும் சிதறிவிட்டன. நோயை அடக்கி முடிப்பதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல நேர்ந்தது. நோய் செய்த கேட்டைக் காட்டிலும், அதைச் சொல்லாமல் கழிந்த சில நாட்களும் இடையில் கூடிய சந்தையும் செய்த கேடு பெரிது.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேறுபாடு பணத்தில் இல்லை, மருந்திலும் இல்லை. ஒளிக்காமையில் இருக்கிறது.

சட்டம் உண்டு, அச்சமும் உண்டு

கால்நடைத் தொற்று நோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2009ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தன் கால்நடைக்கு அட்டவணையில் கண்ட நோய் இருப்பதாக நம்பக் காரணமிருந்தால் உடையவர் அதை அறிவிக்க வேண்டும். நோயுற்றதைத் தனியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். பொது மேய்ச்சலுக்கும் பொது நீர்நிலைக்கும் விடலாகாது. கட்டுப்பாட்டுப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில் சந்தை கூட்டலாகாது. நோயில் இறந்த உடலை ஆற்றிலோ ஏரியிலோ கால்வாயிலோ எறிவது குற்றம். பூண்டியும் சோழவரமும் புழலும் நம் மாவட்டத்தில் இருக்க, சென்னை நகரத்தார் பருகும் நீரின் காவலர்களாகவும் நாம் இருக்கிறோம் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை.

சட்டம் நல்லதே. ஆயினும் சட்டத்தால் மட்டும் ஒருவன் வாயைத் திறக்கச் செய்ய முடியாது. நான் சொன்ன அந்த அங்கத்தினர் கெட்டவரல்லர், பயந்தவர். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பால் வருமானம் போகும். மறைத்தால் ஒரு வாரமாவது தப்பலாம். நஷ்டம் முழுவதும் சொல்பவனுக்கு, லாபம் முழுவதும் ஊருக்கு என்று ஏற்பாடு இருக்கும் வரையில் எவன் சொல்வான்? முதலில் அறிவிப்பவனைத் தண்டிக்கும் ஊரில் நோய் ஒருபோதும் அறிவிக்கப்படாது. இந்த முடிச்சை அவிழ்க்கத் தனி மனிதனாலும் ஆகாது; அதிகாரியாலும் ஆகாது. நஷ்டத்தைப் பங்கிட்டுக் கொள்வதற்கென்றே பிறந்த கூட்டுறவுச் சங்கத்தால்தான் ஆகும்.

ஊசியைப் பற்றிய ஐயங்கள்

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பெற்ற தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி கோமாரிக்கு ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. 2025க்குள் நோயைக் கட்டுப்படுத்துவது, 2030க்குள் ஒழிப்பது என்பது அன்று வைத்த குறிக்கோள். நமக்கு அண்மையில் இராணிப்பேட்டையிலேயே 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்துகளை ஆக்கும் நிலையம் இயங்கி வருகிறது. மருந்தும் உண்டு, போடுபவரும் உண்டு. ஆனால் முகாம் நாளில் மாடுகள் முழுமையாக வருவதில்லை. நம்மவர் கூறும் காரணங்களை எள்ளி நகையாடாமல் விடையிறுப்பதே முறை.

"ஊசி போட்டால் பால் குறைகிறது" என்பது ஒன்று. ஓரிரு நாட்கள் சிறிது குறையலாம், போட்ட இடம் சற்று வீங்கலாம், உண்மை. ஆனால் கோமாரி வந்த மாட்டில் குறையும் பால் ஓரிரு நாளில் மீள்வதன்று. "சினை மாட்டுக்குப் போடலாகாது" என்பது இரண்டாவது. நிறைசினை மாட்டைப் பற்றி மருத்துவரைக் கேட்டு அவர் சொற்படி நடக்கலாம். அதையே சாக்காகக் கொண்டு கொட்டில் முழுவதையும் ஒளித்துவைப்பது தவறு. "ஊசி போட்டும் நோய் வந்ததே" என்பது மூன்றாவது. வரலாம். கோமாரி ஊசி தரும் காப்பு ஆயுள் முழுவதற்குமானதன்று. ஆகையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஊசி போட்ட அன்றே காப்பு உண்டாவதில்லை. சில வாரங்கள் ஆகும். மருந்து 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த மருந்து வெறும் நீருக்குச் சமம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதி மாடுகள் ஊசியின்றி நின்றால் அவற்றினிடையே நோய் உயிரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஊசியும் ஒரு கூட்டுறவுச் செயல்தான். அனைவரும் சேர்ந்தால்தான் அது பலிக்கும்.

முகாமை நடத்தும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறை வேலைக்குப் போனவர் வீட்டில் மிரளும் மாட்டைப் பிடிக்க ஆளில்லாத நேரத்தில் முகாம் வைத்தால் மாடு எப்படி வரும்? எந்த நாள், எந்த வேளை ஊருக்கு ஏற்றது என்பதை மருந்தகத்தை விடச் சங்கம் நன்கு அறியும். அதை முன்கூட்டியே கால்நடை உதவி மருத்துவருக்குத் தெரிவித்து, வீதிக்கு இரண்டு இளைஞர்களை மாடு பிடிக்க அமர்த்துவது நமது கடமை.

சங்கங்கள் செய்யத் தக்கவை

நமது நிர்வாகக் குழுக்களின் ஆலோசனைக்கு ஐந்து காரியங்களை முன்வைக்கிறேன். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவில்லை.

முதலாவது, நோயை முதலில் அறிவிக்கும் அங்கத்தினருக்குப் பாதுகாப்பு. அவருடைய கறவை மாட்டுக் கடன் தவணையைச் சட்டமும் துணை விதிகளும் இடங்கொடுக்கும் அளவில் சில மாதங்கள் ஒத்திவைக்கத் தீர்மானம் செய்யலாம். பொது நல நிதியிலிருந்து தீவனத்துக்குச் சிறு உதவி தரலாம். இது தானம் அன்று, கணக்கு. நான் கண்ட ஊரில் ஒருவருடைய தவணையை ஒத்திவைக்கச் சங்கம் முன்வந்திருந்தால், மற்ற ஆறு பேர் தவணை தவறாமல் தப்பியிருக்கக்கூடும்.

இரண்டாவது, கடனில் வாங்கும் கால்நடையை மூன்று வாரமேனும் தனியே கட்டி வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பது. கடன் வழங்கும்போதே இதை அங்கத்தினருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். வாங்குமுன் தடுப்பூசி விவரமும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, கடன் ஏட்டில் மாட்டின் காதுவில்லை எண்ணோடு, ஊசி போட்ட தேதிகளையும் எழுதி வருவது. காப்பீட்டுத் தொகை கோரும்போதும் காதுவில்லையும் மருத்துவர் சான்றும் தேவைப்படுகின்றன. என்னைப் போன்ற ஆய்வாளர்கள் இந்தப் பத்தியையும் பார்வையிட வேண்டும். தவணைகள் ஒரே வீதியில் ஒருங்கே நின்றால், வசூல் குறிப்பு எழுதுமுன் கொட்டிலை எட்டிப் பார்க்க வேண்டும். பால் சங்கத்தின் கொள்முதல் ஏடு இதனினும் கூர்மையான கண்ணாடி. நாள்தோறும் ஊற்றுபவர் காரணமின்றி இரண்டு வேளை நிறுத்தினால், காரியதரிசி அன்றே விசாரித்தால் நோயை வாசலிலேயே பிடித்துவிடலாம்.

நான்காவது, நோய் கண்ட அன்றே செய்தி சொல்வது. உமிழ்நீர் வடிதல், நொண்டுதல், கழலை எழும்புதல், திடீர்ச் சாவு ஆகிய குறிகளைச் சங்கச் சுவரில் எழுதி வைக்கலாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் எண்ணோடு, 1962 என்னும் கட்டணமில்லா எண்ணையும் அங்கே பொறிக்கலாம்.

ஐந்தாவது, சங்கத்தில் சில பொருள்களை இருப்பு வைப்பது. சுண்ணாம்பு, மண்வெட்டி, சலவைச் சோடா ஆகியவை போதும். நூற்றுக்கு நான்கு பங்கு சலவைச் சோடா கரைத்த நீர் கோமாரிக் கிருமியைக் கொல்லவல்லது; கொட்டில் தரை, கால் மிதி, கேன் முதலியவற்றை அதனால் கழுவலாம். இறந்த கால்நடையைக் கிணற்றுக்கும் ஏரிக்கும் எட்ட, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

காப்புக் கட்டுவோம்

இவை யாவும் நமக்குப் புதியன அல்ல. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், விழா முடியும் வரையில் ஊரார் வெளியூர் சென்று இரவு தங்குவதில்லை. எவ்வளவு அவசரமாயினும் அந்தக் கட்டை மீறத் துணிவதில்லை. எவரும் காவல் நிற்காமலே அந்த ஒழுங்கு நிலைக்கிறது. ஏனெனில் அது ஊர் கூடி ஏற்ற கட்டு. நோய் கண்ட ஊரின் மாடு சந்தைக்குப் போகலாகாது, வெளி மாடு உள்ளே வரலாகாது என்னும் கட்டுப்பாட்டையும் அதே மனத்தோடு நாம் ஏற்றால், அதிகாரி வந்து அறிவிப்புப் பலகை நடும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.

நெசவாளர் அன்பர்களுக்கு இதை விரித்துரைப்பது மிகை. பாவில் ஓர் இழை அறுந்தால் அக்கணமே தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்த பிறகுதான் நாடாவை ஓட்டுகிறீர்கள். "ஓர் இழைதானே" என்று ஓட்டினால் துணி முழுவதும் பழுதாகும் என்பது உங்களுக்குத் தெரியும். நின்ற நேரம் நஷ்டமல்ல என்பதும் தெரியும். அந்த அறிவைத்தான் கொட்டிலுக்கும் கொண்டு போகச் சொல்கிறேன்.

அந்த அம்மாளின் கேள்விக்கு நான் இன்னும் முழு விடை அளிக்கவில்லை. திரும்பி வந்து என் ஆய்வுக் குறிப்பைத் திருத்தி எழுதினேன். அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. ஆனால் மடிந்த கன்று மீளவில்லை. உண்மையான விடையை எழுத வேண்டியவர்கள் நம் சங்கங்களின் அங்கத்தினர்களே. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் லாபப் பங்கீட்டையும் தேர்தலையும் பேசி முடித்த பிறகு, மேற்சொன்ன ஐந்தில் ஒன்றையேனும் தீர்மானமாக எழுப்புங்கள். முதல் சங்கம் கண்ட மாவட்டத்தார் நாம். ஒருவர் கடனுக்கு அனைவரும் பிணை நின்ற அந்த முன்னோர் வழியில், ஒருவர் கொட்டிலுக்கு அனைவரும் காவல் நிற்போமாக.